சில்லைக் கையில் வைத்திருப்பவரிடமிருந்தே சில்லைக் காத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கி அட்டை, சிம் அட்டை, கடைகளில் அட்டை வாங்கிக்கொள்ளும் இயந்திரம், தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இலத்திரனியல் தராசு என மலையகத்தின் அன்றாட வாழ்வில் பணத்தையும் எடையையும் கணக்கிடும் வேலை இன்று சிப் எனப்படும் சிறு சில்லுகளிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சில்லுகளை யாராவது திறந்தோ தொட்டோ ஏமாற்ற முடியுமா என்ற கேள்வியை ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பகுதிகளின் பழுதுபார்ப்போரும், உயர்தர வகுப்பு மாணவர்களும், தோட்டங்களின் தொழிற்சங்கப் பிரதிநிதிகளும் கேட்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இப்பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

பௌதிகத் தாக்குதல் என்பது என்ன? வைரசுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

வைரஸ் ஒரு கருவியின் மென்பொருளிலுள்ள பிழையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறது. பௌதிகத் தாக்குதலில் தாக்குபவர் சில்லையே கையில் எடுத்துக்கொள்கிறார். அதற்கு ஊட்டப்படும் மின்னழுத்தத்தை ஒரு கணம் குறைக்கிறார், அது உறிஞ்சும் மின்னோட்டத்தை அளக்கிறார், தேவையானால் மேலுறையைக் கரைத்து உள்ளே ஊசி வைக்கிறார். மென்பொருளில் ஒரு பிழைகூட இல்லாத சில்லும் இவ்வழியில் தன் இரகசியத்தை இழக்கக்கூடும் என்பதால், இதற்கான காவலைச் சில்லின் உடலிலேயே, அதை வடிவமைக்கும்போதே வைக்க வேண்டியிருக்கிறது.

சில்லைச் சொந்தமாக வைத்திருப்பவரை ஏன் எதிரியாகக் கருத வேண்டும்?

இத்துறையின் அடிப்படைச் சிக்கலே இதுதான். வங்கியின் பெட்டகத்தை உடைக்க வருபவன் விடிவதற்குள் வேலையை முடித்துவிட்டு ஓட வேண்டும். சில்லை உடைக்க நினைப்பவனோ பெட்டகத்தைத் தன் வீட்டுக்கே கொண்டுபோய், கதவைச் சாத்திக்கொண்டு, மாதக்கணக்கில் முயன்று பார்க்கலாம். 1990களில் ஐரோப்பாவின் கட்டணத் தொலைக்காட்சி நிறுவனங்கள் சந்தாதாரர்களுக்கு அனுப்பிய அட்டைகளுக்கு இதுவே நேர்ந்தது: சாவி (குறியாக்கிய தரவைத் திறக்கும் இரகசிய எண்) இருந்த சில்லு, அதைப் போலியாக்குவதில் இலாபம் உள்ளவர்களின் மேசை மீதே கிடந்தது. 1996 இல் ரோஸ் அண்டர்சன், மார்க்கஸ் கூன் ஆகிய இருவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை, அக்காலத்தில் உடைக்க முடியாதவை என்று விற்கப்பட்ட பல சில்லுகள் சாதாரண ஆய்வுகூட வசதிகளுக்கே பணிந்துவிடுவதை வெளிப்படையாக எடுத்துக்காட்டியது.

ஆகவே, ஒரு சில்லின் பாதுகாப்பு எவ்வளவு உறுதியானது என்று கேட்பதைவிட, அதை உடைக்க எவ்வளவு பணமும் காலமும் திறமையும் வேண்டும், உடைத்தவனுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பதே சரியானது. ஒவ்வோர் அட்டைக்கும் வெவ்வேறு சாவி வைக்கப்பட்டிருந்தால், ஓர் அட்டையை உடைத்தவனுக்கு அந்த ஓர் அட்டை மட்டுமே கிடைக்கும். எல்லாக் கருவிகளுக்கும் ஒரே சாவி வைக்கப்பட்டிருந்தால், ஒன்றை உடைத்தவனுக்கு நாடு முழுவதும் உள்ள கருவிகள் கிடைத்துவிடும். சில்லைச் சுற்றி எவ்வளவு விலையுயர்ந்த காவல் போட்டாலும், இந்த இரண்டாவது வகை வடிவமைப்பை அது காப்பாற்றாது என்பதே என் உறுதியான கருத்து.

கறுப்புப் பிசினுக்குள் மூடப்பட்டிருக்கும் சில்லை எப்படித் திறக்கிறார்கள்?

சூடாக்கிய செறிந்த நைத்திரிக்கமிலம் அந்தப் பிசினைக் கரைக்கிறது. உள்ளே இருக்கும் சிலிக்கன் துண்டு அமிலத்தால் பாதிக்கப்படாமல் வெளியே தெரிகிறது. அதன் பின்னர் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, மிக நுண்ணிய தங்குதன் ஊசிகளால் உள்ளிணைப்புக் கம்பிகளைத் தொட்டுத் தரவைக் கேட்கலாம். கம்பிகள் ஊசிக்கு எட்டாத அளவு நுண்மையானவையாக இருந்தால், கலிய அயன்களைக் கூரிய கற்றையாகச் செலுத்தும் கருவியொன்றினால் சில்லின் உள்ளேயே கம்பிகளை அறுக்கவும் புதிதாக ஒட்டவும் முடியும். 2010 இல் சில்லுப் பாதுகாப்பு ஆய்வாளர் கிறிஸ்டோபர் டார்னோவ்ஸ்கி, கணினிகளில் பொருத்தப்படும் ஒரு பாதுகாப்புச் சில்லை இவ்வகைக் கருவியால் ஊடுருவியதை அமெரிக்காவில் நடந்த மாநாடொன்றில் விளக்கினார். அது பல மாத உழைப்பையும் பல சில்லுகளையும் தின்ற வேலை. எனினும் செய்யத்தக்கது என்பது அன்று உறுதியாயிற்று.

திறக்காமலே இரகசியத்தை எடுக்க முடியுமா?

முடியும். பெரும்பாலான தாக்குதல்கள் இன்று அப்படித்தான் நடக்கின்றன, ஏனெனில் அமிலமும் அயன் கற்றையும் வேண்டாத வழி மலிவானது. இவ்வழிகள் இரு வகைப்படும்.

முதலாவது வகை, சில்லு வேலை செய்யும்போது வெளியே கசிவதைக் கேட்பது. சில்லின் உள்ளே ஒரு பிட் சுழியிலிருந்து ஒன்றாக மாறும் ஒவ்வொரு தடவையும் மிகச் சிறிய மின்னேற்றம் நகர்கிறது. எனவே, சில்லு எடுக்கும் மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தில் அது கையாளும் தரவின் நிழல் விழுகிறது. குறியாக்க ஆய்வாளர் பால் கோச்சர் 1996 இல் கணிப்புக்கு எடுக்கும் நேரத்தைக் கொண்டே சாவியை ஊகிக்கலாம் எனக் காட்டினார். 1999 இல் அவரும் ஜோசுவா ஜாஃபியும் பெஞ்சமின் ஜன்னும் வெளியிட்ட கட்டுரை, ஒரே சாவியால் செய்யப்பட்ட ஏராளமான கணிப்புகளின் மின்நுகர்வு வரைகோடுகளைப் புள்ளியியல் முறையில் ஒப்பிட்டால், இரைச்சலுக்குள் புதைந்திருக்கும் சாவியும் படிப்படியாக மேலெழுந்து வரும் எனக் காட்டியது. பாதுகாப்பற்ற சில சில்லுகளில் புள்ளியியல்கூடத் தேவையில்லை. மின்னலைகளை வரைந்து காட்டும் அலைகாட்டியின் திரையில், ஆர்.எஸ்.ஏ. எனும் குறியாக்க முறையின் கணிப்பொன்றைப் பார்த்தால், வர்க்கப்படுத்தலும் பெருக்கலும் வெவ்வேறு உருவமுடைய மேடுகளாகத் தெரியும். சாவியின் பிட் ஒன்றாக இருக்கும் இடத்தில் பெருக்கலின் மேடு கூடுதலாக வரும், சுழியாக இருக்கும் இடத்தில் வராது. அந்த மேடுகளைக் கண்ணால் பார்த்தபடியே சாவியை வாசித்துவிடலாம்.

இரண்டாவது வகை, சில்லை வேண்டுமென்றே தடுமாறச் செய்வது. மின்னழுத்தத்தில் ஒரு கணநேரச் சரிவு, கடிகாரத் துடிப்பில் ஓர் இடறல், மின்காந்தத் துடிப்பு, மேலுறையை மட்டும் அகற்றிய சில்லின் மீது லேசர் கதிர் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சரியான தருணத்தில் வந்து விழுந்தால், சில்லு ஒரு கட்டளையைத் தாண்டிச் சென்றுவிடும். அந்தக் கட்டளை, கடவுச்சொல் சரியா என்று சோதிக்கும் கட்டளையாக இருந்தால் சோதனையே நடக்காது. 2002 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் செர்கெய் ஸ்கோரோபோகடோவும் ரோஸ் அண்டர்சனும், பழைய கெமராவின் பிளாஷ் விளக்கொன்றை நுணுக்குக்காட்டியில் பொருத்தி, திறக்கப்பட்ட ஒரு சில்லின் நினைவகத்தில் விரும்பிய பிட்டை மாற்றிக் காட்டினார்கள். 2011 இல் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுப் பொறியில், செயலியின் வேகத்தைக் குறைத்துவிட்டு, மீள்தொடக்க இணைப்பில் மிகக் குறுகிய துடிப்பொன்றை அனுப்பியதும், போலியான மென்பொருளை அது உண்மையானதென ஏற்றுக்கொண்டது. பிழை விழுவதால் வரும் கேடு சோதனையைத் தாண்டுவதோடு நிற்பதில்லை: குறுக்குவழியில் கணிக்கப்படும் ஆர்.எஸ்.ஏ. கையொப்பம் ஒன்றில் தக்க இடத்தில் ஒரு பிழை விழுந்தாலே சாவியைக் கணித்துவிடலாம் என்பது 1990களின் நடுப்பகுதியிலேயே நிறுவப்பட்டுவிட்டது.

பாதுகாப்புச் சில்லுக்குள் என்னென்ன காவல்கள் இருக்கின்றன?

நல்ல பாதுகாப்புச் சில்லொன்றை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தால், சுற்றுகள் கண்ணுக்குத் தெரியாது. மேற்பரப்பு முழுவதும் நெருக்கமாக வளைந்து வளைந்து செல்லும் உலோகக் கோடுகளே தெரியும். அந்தக் கோடுகளில் தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்கும் சமிக்ஞைகள் ஓடுகின்றன. ஒரு முனையில் அனுப்பப்பட்டது மறுமுனையில் அப்படியே வந்து சேர்கிறதா என்று சில்லு ஓயாமல் சரிபார்க்கிறது. ஊசி நுழைவதற்காக ஒரு கோடு அறுக்கப்பட்டால், அல்லது இரு கோடுகள் ஒட்டிக்கொண்டால், சில்லு தன்னை நிறுத்திக்கொள்கிறது அல்லது சாவிகளை அழித்துவிடுகிறது. அதனோடு, மேலுறை அகற்றப்பட்டதை உணரும் ஒளியுணரிகள், மின்னழுத்தமும் கடிகார வேகமும் வரம்பைத் தாண்டுவதை உணரும் சுற்றுகள், வெப்பவுணரிகள் ஆகியவையும் உள்ளே இருக்கின்றன.

வெப்பவுணரி ஏன் வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. மின்சாரம் நின்றதும் அழிந்துவிட வேண்டிய நினைவகம், கடுங்குளிரில் சிறிது நேரம் தன் உள்ளடக்கத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சில்லை உறையவைத்துப் பின்னர் மின்சாரத்தைத் துண்டிப்பவர் சாவியை வாசித்துவிடலாம். நுவரெலியாவின் தை மாத உறைபனி இந்த உணரிகளைத் தூண்டிவிடாது. அட்டைச் சில்லுகள் சுழிக்குக் கீழே 25 பாகை செல்சியஸ் வரை இயங்குமாறுதான் பொதுவாக அமைக்கப்படுகின்றன.

கசிவைக் கேட்பவருக்கு எதிரான காவல் கணிதத்தில் இருக்கிறது. சாவியையும் தரவையும் எழுமாற்று எண்களோடு கலந்து கையாள்வதால், மின்னோட்டத்தின் நிழல் ஒவ்வொரு தடவையும் வேறாக விழும். கணிப்பை இருமுறை செய்து விடைகளை ஒப்பிடுவது தடுமாறச் செய்வோருக்கு எதிரான காவல். நினைவகமும் அதனோடு பேசும் கம்பிகளும் குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதால், ஊசி வைத்துக் கேட்பவருக்கும் குழம்பிய தரவே கிடைக்கும். இவற்றில் எதுவும் தனித்து நின்று போதாது. ஒன்றைத் தாண்டியவனை இன்னொன்று மறிக்குமாறு அடுக்கப்படுவதிலேயே பயன் இருக்கிறது.

கீழே விழுந்த பின் எங்கள் கடையின் அட்டை இயந்திரம் வேலை செய்யவில்லை. பழுதுபார்ப்பவரும் திறக்க மறுக்கிறார். ஏன்?

அவர் மறுப்பது சரியே. வாடிக்கையாளர் தம் இரகசிய இலக்கத்தை அழுத்தும் இயந்திரத்தின் உள்ளே, மூடியின் அடிப்பகுதியில் சிறு தொடுகை ஆளிகள் இருக்கின்றன. மூடி இறுக்கமாக மூடியிருக்கும் வரை அவை அழுத்தப்பட்டே இருக்கும். அட்டை நுழையும் பகுதியைச் சுற்றி, மேலே சொன்னது போன்ற வளைகோடுகள் அச்சிடப்பட்ட மெல்லிய தாள் ஒன்றும் சுற்றப்பட்டிருக்கும். இவை யாவும், இயந்திரம் அணைந்திருக்கும்போதும் ஒரு சிறிய இலித்தியம் மின்கலத்தால் விழிப்போடு வைக்கப்படுகின்றன. பலமாக விழுந்ததில் ஓர் ஆளி விலகினாலும், பல ஆண்டுப் பாவனையில் அந்த மின்கலம் வற்றினாலும், இயந்திரம் யாரோ தன்னைத் திறப்பதாக எடுத்துக்கொண்டு சாவிகளை அழித்துவிடும். வங்கியோ அதன் முகவரோ பாதுகாப்பான இடத்தில் புதிய சாவிகளை ஏற்றும் வரை அது மீளாது. ஏப்ரல் மாதத்தில் நுவரெலியா வசந்தகால வியாபாரம் நடக்கும்போது இப்படி நேர்வது பெரும் இழப்பு என்பது உண்மைதான். ஆயினும், ஐயம் வந்தால் அழித்துவிடு என்ற விதி தளர்ந்தால், இழப்பு கடைக்காரரிடமிருந்து அவருடைய எல்லா வாடிக்கையாளர்களுக்கும் பரவும்.

இந்தக் காவலும் முழுமையானதன்று. 2008 இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், அப்போது பிரித்தானியக் கடைகளில் பரவலாக இருந்த இரு வகை இயந்திரங்களில், வளைகோடுகள் மூடாமல் விட்ட ஓர் இடத்தின் வழியாகக் கம்பியை நுழைத்து, அட்டைக்கும் இயந்திரத்துக்கும் இடையில் ஓடிய தரவைக் கேட்டார்கள். ஒன்றுக்குக் காகித இடுக்கியின் கம்பியே போதுமாயிருந்தது.

கொழுந்து மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) நிறுக்கும் இலத்திரனியல் தராசில் கைவைக்க முடியுமா? தொழிலாளர் எதைப் பார்க்க வேண்டும்?

மலையகத்தில் இதைவிட முக்கியமான கேள்வி இத்துறையில் இல்லை. குறித்த கிலோ எட்டாவிட்டால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) என்றிருக்கும் இடத்தில், தராசு காட்டும் ஒவ்வொரு கிலோவும் ஒரு குடும்பத்தின் சாப்பாடு.

இலத்திரனியல் தராசின் தட்டுக்குக் கீழே சுமையுணரி எனும் உலோகத் துண்டு இருக்கிறது. முழுச் சுமையிலும் அது தருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. அந்தச் சிறிய சமிக்ஞை ஒரு கம்பியின் வழியே பலகைக்குச் சென்று எண்ணாக மாற்றப்படுகிறது. பின்னர், நினைவகத்தில் பதிந்துள்ள அளவுத்திருத்தப் பெறுமானத்தால் பெருக்கப்பட்டுக் கிலோவாகத் திரையில் தெரிகிறது. ஆகவே, கைவைக்கக்கூடிய முக்கிய இடங்கள் இரண்டு: அந்தக் கம்பி, அந்தப் பெறுமானம். தரமான தராசுகளில் பெறுமானத்தை மாற்றும் ஆளி, முத்திரையிட்ட திருகாணிக்குப் பின்னால் இருக்கும். அதைவிடச் சிறந்த ஏற்பாடு, குறைக்கவே முடியாத எண்ணி ஒன்றைச் சில்லுக்குள் வைப்பது. பெறுமானம் மாற்றப்படும் ஒவ்வொரு தடவையும் அந்த எண் ஒன்றால் கூடும். அதிகாரி தராசைச் சரிபார்க்கும் நாளில் இருந்த எண் முத்திரைச் சீட்டில் எழுதப்படும். திரையில் தெரியும் எண் சீட்டிலுள்ள எண்ணைவிடக் கூடுதலாக இருந்தால், சரிபார்த்த பின்னர் யாரோ உள்ளே போயிருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க எந்தத் தொழில்நுட்ப அறிவும் வேண்டியதில்லை. இரண்டு எண்களை வாசிக்கத் தெரிந்தால் போதும். சில்லுப் பாதுகாப்பில் நான் மிகவும் மதிக்கும் ஏற்பாடு இதுவே, ஏனென்றால் நிறுப்பவரும் நிறுக்கப்படுபவரும் ஒரே சான்றைச் சமமாகப் பார்க்க முடிகிறது.

இலங்கையில் வணிகத் தராசுகளைச் சரிபார்த்து முத்திரையிடும் பொறுப்பு அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்துக்கு உரியது. முத்திரை இருக்கிறதா, அது எந்த ஆண்டுக்குரியது, முத்திரைக் கம்பி அறுபட்டிருக்கிறதா, திருகாணி திறக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கக் கேட்பதில் தவறேதும் இல்லை. முத்திரையிட்ட படிக்கல் ஒன்றை மடுவத்திலேயே வைத்திருந்து, நிறுவை தொடங்குமுன் எல்லோர் முன்னிலையிலும் தட்டில் வைத்துக் காட்டுவது, கம்பியில் கைவைத்திருந்தாலும் பெரும்பாலும் வெளிப்படுத்திவிடும்.

சில்லால் தீர்க்க முடியாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சாக்குக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழிப்பது என்பது மனிதர் முடிவு செய்து தராசில் பதியும் எண். எவ்வளவு உறுதியான சில்லும் அந்த எண்ணை நேர்மையாகக் கழிக்குமே தவிர, அந்த எண் நேர்மையானதா என்று கேட்காது. அது பேச்சுவார்த்தையில் தீர்க்கப்பட வேண்டியது. கழிவு எவ்வளவு என்பது நிறுவைத் துண்டில் தனியாக அச்சிடப்பட வேண்டும் என்று கேட்பது அதன் முதற்படி.

மடிக்கணினியின் வன்தட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. திருடு போனாலும் பயமில்லையா?

பெரும்பாலும் இல்லை, எனினும் ஓர் இடைவெளி உண்டு. பாதுகாப்புச் சில்லு தனியாகப் பொருத்தப்பட்ட சில கணினிகளில், கணினி தொடங்கும்போது வன்தட்டின் சாவி அச்சில்லிலிருந்து செயலிக்குப் பலகையின் கம்பிகளில் குறியாக்கமின்றிச் செல்கிறது. 2024 இல் ஒருவர், ராஸ்பெரி பை பீக்கோ எனும் விலை குறைந்த சிறு கணினிப் பலகையால் அந்தச் சாவியை ஒரு நிமிடத்துக்குள் வாசித்துக் காட்டினார். தொடங்கும்போது ஓர் இரகசிய இலக்கத்தையும் கேட்குமாறு அமைத்துக்கொண்டால் இவ்வழி அடைபடும். ஆசிரியர்களும் கணக்காய்வாளர்களும் இதனைச் செய்துகொள்வது நல்லது.

பாதுகாப்புச் சான்றிதழ் பெற்ற சில்லை முழுமையாக நம்பலாமா?

சான்றிதழ் பயனுள்ளது, ஆனால் அது எதைச் சோதித்தது என்று வாசிக்க வேண்டும். குறியாக்கக் கருவிகளுக்கான அமெரிக்காவின் ஃபிப்ஸ் 140 தரநிலையில் நான்கு மட்டங்கள் உள்ளன: இரண்டாம் மட்டம் திறக்கப்பட்டதன் தடயம் தெரிய வேண்டும் என்கிறது, மூன்றாம் மட்டம் திறக்கும்போதே கருவி அதை உணர்ந்து சாவியை அழிக்க வேண்டும் என்கிறது, நான்காம் மட்டம் எல்லாப் பக்கமும் காவல் உறையையும், வெப்ப, மின்னழுத்தத் தாக்குதல்களுக்கு எதிரான பாதுகாப்பையும் கோருகிறது. ஐ.பி.எம். 4758 எனும் குறியாக்கக் கருவி 1998 இல் நான்காம் மட்டத்தை முதன்முதலாக எட்டியது. 2001 இல் கேம்பிரிட்ஜின் மைக் பொண்டும் ரிச்சர்ட் கிளேட்டனும், அதன் வங்கி மென்பொருள் அனுமதித்த கட்டளைகளைத் தந்திரமாக அடுக்கியே சாவிகளை வெளியே எடுத்தனர். பெட்டி திறக்கப்படவேயில்லை.

அண்மைய எடுத்துக்காட்டு இன்னும் கவலை தருகிறது. 2024 செப்டெம்பரில் பிரான்சின் நிஞ்சாலேப் எனும் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர், இன்ஃபினியன் நிறுவனத்தின் பாதுகாப்புச் சில்லுகள் கையொப்பமிடும்போது செய்யும் ஒரு கணிப்பின் நேரம் இரகசியத்தைப் பொறுத்து மாறுவதையும், அதனை மின்காந்தக் கசிவிலிருந்து அளக்க முடிவதையும் வெளியிட்டார். அந்தக் குறை 14 ஆண்டுகளாக இருந்தது. அதற்கிடையில் ஏறத்தாழ 80 உயர்மட்டச் சான்றிதழ்ப் பரிசோதனைகளைத் தாண்டியிருந்தது. அச்சில்லைக் கொண்ட யூபிகீ 5 வகைப் பாதுகாப்புச் சாவிகளில் (இணையக் கணக்குகளுக்குள் நுழையக் கணினியில் செருகும் சிறு கருவிகளில்) 5.7 பதிப்புக்கு முந்தியவற்றைத் திருத்தவும் முடியாது. தாக்குபவர் சாவியைக் கையில் எடுத்துத் திறந்து, விலையுயர்ந்த கருவிகளோடு அளக்க வேண்டும் என்பதால், சாதாரணப் பாவனையாளர் அதைத் தொடர்ந்து பயன்படுத்துவதே கடவுச்சொல்லை மட்டும் நம்புவதைவிடப் பாதுகாப்பானது.

சாவியைச் சேமிக்காமலே வைத்திருக்கும் சில்லுகள் உண்டா?

உண்டு. ஒரே அச்சில் வார்க்கப்பட்ட சில்லுகளிலும், உற்பத்தியின்போது நேரும் நுண்ணிய வேறுபாடுகளால் நினைவகக் கலங்கள் மின்சாரம் கிடைத்ததும் ஒவ்வொரு சில்லுக்கும் தனித்துவமான கோலத்தில் எழுகின்றன. அக்கோலத்திலிருந்து தேவைப்படும்போது மட்டும் சாவியை உருவாக்கினால், அணைந்திருக்கும் சில்லைத் திறப்பவருக்கு வாசிக்க ஒன்றும் இருக்காது. இயங்கும்போது கசிவதை இது தடுக்காது.

காலாவதியான வங்கி அட்டையை எப்படி அழிக்க வேண்டும்?

பொன்னிறத் தொடுகைத் தகட்டுக்கு அடியில்தான் சில்லு இருக்கிறது. கத்தரிக்கோலால் அந்தத் தகட்டின் நடுவே வெட்டினால் போதும். காந்தப் பட்டையையும் குறுக்காக வெட்டிவிடுங்கள்.

இத்துறையை மலையகத்தில் இருந்துகொண்டே கற்க முடியுமா?

முடியும். பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தின் கணினிப் பொறியியல் துறையினர் மின்நுகர்வுப் பகுப்பாய்வு குறித்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். பாடசாலை மாணவர் தொடங்குவதற்கு, ஆர்டுயினோ எனும் சிறு கணினிப் பலகை ஒன்றும், அதன் மின்னூட்டக் கம்பியில் தொடராக இணைத்த சிறிய தடையொன்றும், ஓர் அலைகாட்டியும் போதும்: பலகை ஓய்ந்திருக்கும்போதும் கணிக்கும்போதும் தடையின் குறுக்கே தெரியும் அலைவடிவங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கொலின் ஓ'பிளின் தொடங்கிய, இவ்வகைத் தாக்குதல்களைக் கற்பிக்கும் சிப்விஸ்பரர் திட்டத்தின் பாடங்களும் மென்பொருளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பயிற்சியைத் தமக்குச் சொந்தமான பலகைகளில் மட்டும் செய்ய வேண்டும். பிறருடைய அட்டையிலோ இயந்திரத்திலோ அனுமதியின்றிச் செய்தால், 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் வழக்குக்கு உள்ளாகலாம்.